முதல் தடவையாக சிங்கப்பூர் காரில் ஈப்போ வரை: எதில் எல்லாம் மாட்டுவேன்?

பொங்கோல்_பொடியன் | புதன், இரவு 10.40

எல்லோருக்கும் வணக்கம். அடுத்த மாதம் மலேசியாவில், ஈப்போவில் சித்தப்பா மகளுக்குக் கல்யாணம். வழக்கமாகப் பேருந்தில்தான் போவோம். இந்த முறை அம்மா, மனைவி, ஐந்து வயதுப் பையன், அம்மா வாங்கிச் சேர்த்திருக்கும் சாமான்கள் என்று கூடிவிட்டதால் சொந்தக் காரிலேயே போவதாக முடிவு. நான் லைசென்ஸ் எடுத்து நான்கு வருடம் ஆகிறது. எல்லையில் இருக்கும் ஜொகூர் பாருவை (ஜேபி) தாண்டி ஓட்டியதே இல்லை. ஜேபியிலும் மால் வாசல் வரைதான்.

வெளிநாட்டு காருக்கான நுழைவு அனுமதி, அந்த விஇபி வில்லை ஒட்டியாகிவிட்டது, டோல் கட்டும் டச் அண்ட் கோ கார்டில் பணம் ஏற்றியாகிவிட்டது. அதனால் அதையெல்லாம் கேட்கவில்லை. நான் கேட்பது சாலையைப் பற்றி. "இரண்டு நாடும் இடது பக்கம்தான், இரண்டும் வெள்ளைக்காரன் விட்டுப்போன விதிகள்தான், பலகையில் மலாய் இருக்கும், அவ்வளவுதான்" என்கிறார் என் மைத்துனர். அலுவலகத்தில் இருக்கும் மலேசிய நண்பரோ, "சிங்கப்பூர்க்காரன் மாதிரி ஓட்டினால் அங்கே உனக்குத்தான் ஆபத்து" என்று சிரிக்கிறார். எது உண்மை? அடிக்கடி போய்வருகிறவர்கள் கொஞ்சம் சொல்லுங்கள்.

ஜூரோங்_அக்கா | புதன், இரவு 11.15

தம்பி, நீங்கள் கேட்காவிட்டாலும் இரண்டு விஷயம் சொல்லிவிடுகிறேன். இதில் மாட்டுகிறவர்கள் எல்லாம் "எனக்குத் தெரியும்" என்று சொன்னவர்கள்தான்.

முதலில் முக்கால் டேங்க். சிங்கப்பூர் காரில் எல்லையைத் தாண்டும்போது முக்கால் டேங்காவது பெட்ரோல் இருக்க வேண்டும். இது மலேசியச் சட்டம் இல்லை, நம் சட்டம். 1989ல் பாதி டேங்க் என்று ஆரம்பித்து 1991ல் முக்கால் ஆக்கினார்கள். எல்லோரும் அந்தப் பக்கம் போய் மலிவாக நிரப்பிக்கொண்டு வந்துவிட்டால் இங்கே வரி போய்விடும் என்பது கணக்கு. அபராதம் 500 சிங்கப்பூர் வெள்ளி (டாலர்) வரை போகும். ஒரு தீபாவளி சமயம் என் காரில் முள் முக்காலுக்கு ஒரு நூல் கீழே நின்றது. யார் பார்க்கப் போகிறார்கள் என்று வரிசையில் சேர்ந்தேன். ஒன்றரை மணி நேரம் ஊர்ந்து முன்னால் போய் நின்றால், அதிகாரி ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தது நேராக அந்த முள்ளைத்தான். திரும்பிப் போய் நிரப்பிக்கொண்டு மறுபடி வரிசையின் வாலில். பின்சீட்டில் மாமியார். அதற்கு மேல் சொல்லத் தேவையில்லை.

அடுத்து, அங்கே பெட்ரோல் போடும்போது மஞ்சள் கைப்பிடி பக்கம் போகாதீர்கள். அது ரோன் 95, மானிய விலை, வெளிநாட்டு காருக்கு 2010லிருந்தே கிடையாது. நமக்கு ரோன் 97தான். அதுவே இங்கே போடுவதைவிட மலிவு, அதனால் வருத்தப்பட ஒன்றும் இல்லை.

பையனுக்கு அவன் இருக்கையைக் கட்டாயம் மாட்டுங்கள். இங்கே 1.35 மீட்டருக்குக் குறைந்த உயரம் என்றால் சட்டப்படி வேண்டும். அங்கேயும் 2020லிருந்து அந்தச் சட்டம் வந்துவிட்டது. சொந்தக்காரர்கள் "மடியில் வைத்துக்கொள்ளலாமே" என்பார்கள். காதில் வாங்காதீர்கள்.

ஈப்போ_வெள்ளைக்காப்பி | வியாழன், காலை 6.50

வாங்க தம்பி. கல்யாணச் சாப்பாடு முடிந்ததும் பழைய டவுனில் ஒரு காப்பி குடிக்காமல் திரும்பக் கூடாது.

உங்கள் மைத்துனர் சொல்வதும் சரி, நண்பர் சொல்வதும் சரி. புத்தகத்தைப் பிரித்தால் இரண்டு நாடும் அண்ணன் தம்பி. ரோட்டில் இறங்கினால் பங்காளி.

ஒரே ஒரு உதாரணம் சொல்கிறேன். சிங்கப்பூரில் "யூ-டர்ன் போடலாம்" என்று பலகை இருந்தால்தான் திரும்பலாம். இங்கே "யூ-டர்ன் கூடாது" என்று பலகை இல்லாவிட்டால் திரும்பலாம். பலகையே இல்லாத ஒரு சந்திப்பில் நீங்களும் நானும் நின்றால், நீங்கள் நேராகப் போவீர்கள், நான் திரும்பிவிடுவேன். இரண்டு பேரும் அவரவர் ஊர்ச் சட்டப்படி யோக்கியர்கள். என் மருமகன் சிங்கப்பூரில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் இப்படித் திரும்பித்தான் முதல் அபராதம் கட்டினார். "பலகையே இல்லையே மாமா" என்று புலம்பினார். அதனால்தான் அபராதம் என்றேன்.

இதைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும் என்பது என் கட்சி. அங்கே அனுமதி இருந்தால் செய்வீர்கள். இங்கே யாராவது தடுக்கும் வரை செய்வோம்.

அப்புறம் நெடுஞ்சாலை. உங்கள் ஊரில் மிக நீளமான விரைவுச்சாலை பிஐஇ, 43 கிலோமீட்டர்கூட முழுதாக வராது. வேகம் 80, 90. அதில் யார் எந்தத் தடத்தில் போனாலும் பெரிய வித்தியாசம் தெரியாது. இங்கே ஜேபியிலிருந்து ஈப்போ 500 கிலோமீட்டருக்கு மேல். வரம்பு 110, சில இடங்களில் 90. வலது கடைசித் தடம் முந்துவதற்கு மட்டும். "இக்குட் கிரி" என்று பலகையில் பார்ப்பீர்கள், இடதாகப் போ என்று அர்த்தம். நான் 110ல்தானே போகிறேன், எனக்கு உரிமை இருக்கிறது என்று அந்தத் தடத்தில் உட்கார்ந்துவிடாதீர்கள். பின்னாடி ஒருவன் கண்ணாடி நிறைய வந்து நிற்பான், பெரிய விளக்கை இரண்டு தடவை அடிப்பான். அவன் செய்வது தப்புதான். நீங்கள் இடது பக்கம் ஒதுங்கி அவனைப் போகவிடுங்கள். நியாயம் பேசுவதை ஆர் அண்ட் ஆரில், அதாவது நெடுஞ்சாலையோர ஓய்விடத்தில், வைத்துக்கொள்ளலாம்.

பொங்கோல்_பொடியன் | வியாழன், மதியம் 12.30

நன்றி அண்ணே. விளக்கு அடிப்பதைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லுங்கள். எதிரே வருகிறவர் விளக்கு அடித்தால் "நீ போ" என்று அர்த்தம் என்று எங்கோ படித்தேன்.

ஈப்போ_வெள்ளைக்காப்பி | வியாழன், மதியம் 1.05

ஐயோ, அது இங்கிலாந்துப் பழக்கம். அதை நம்பி இங்கே காரை நகர்த்தினால் மோதல்தான். சந்திப்பில் எதிரே வருகிறவர் விளக்கு அடித்தால் "நான் நிற்க மாட்டேன், நீ நில்" என்று அர்த்தம். அதுவே திறந்த சாலையில், எதிர்த்திசையில் போகிற முன்பின் தெரியாத ஆள் அடித்தால், முன்னால் போலீஸ் நிற்கிறது என்று சொல்கிறார். அந்த ஒரு விஷயத்தில் மலாய்க்காரர், சீனர், தமிழர் என்ற பேதமே இல்லை. அவ்வளவு ஒற்றுமை.

சட்டம்_பேசறவன் | வியாழன், மாலை 5.20

எல்லோரும் பழக்கத்தைப் பற்றியே பேசுகிறீர்கள். விதியிலும் வித்தியாசங்கள் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன்.

சிவப்பு விளக்கைத் தாண்டினால் சிங்கப்பூரில் காருக்கு 400 வெள்ளி, கூடவே 12 டிமெரிட் புள்ளி. 24 மாதத்துக்குள் 24 புள்ளி சேர்ந்தால் லைசென்ஸ் முடக்கம். அதாவது இரண்டு சிவப்பு விளக்கு, கதை முடிந்தது. மலேசியாவில் அதே குற்றத்துக்கு 300 ரிங்கிட். புள்ளிமுறை அங்கேயும் இருக்கிறது. ஆனால் அதை நினைத்துத் தூக்கம் கெட்ட ஒரு மலேசிய நண்பரை நான் இன்னும் சந்திக்கவில்லை.

கல்யாணம் என்பதால் இதையும் சொல்கிறேன். குடித்துவிட்டு ஓட்டும் விஷயத்தில் மலேசியாதான் இப்போது கடுமை. 2020ல் சட்டத்தைத் திருத்தி, 100 மில்லிலிட்டர் ரத்தத்தில் 80 மில்லிகிராம் என்று இருந்த வரம்பை 50 ஆக்கினார்கள். சிங்கப்பூரில் இன்னும் 80தான். "சிங்கப்பூரில் இவ்வளவு குடித்தும் ஊதியபோது பிரச்சினை இல்லை" என்ற கணக்கு அங்கே உதவாது. ஒரு சொட்டும் வேண்டாம் என்பதே என் ஆலோசனை.

அபராதம் பற்றிப் பேசும்போது "வெள்ளி" என்று மட்டும் எழுதாதீர்கள். இரண்டு பக்கத்துத் தமிழர்களும் தங்கள் காசைத்தான் வெள்ளி என்கிறார்கள். 300 வெள்ளி என்றால் எந்த 300 என்று தெரியாமல் போன வருடம் இங்கே ஒரு சண்டையே நடந்தது.

கடற்பாலத்து_மோட்டார் | வியாழன், இரவு 11.50

நான் ஜேபியில் இருந்து தினமும் மோட்டார் சைக்கிளில் சிங்கப்பூர் போய் வேலை பார்க்கிறவன். ஒன்பது வருடம். காலையில் நாலே முக்காலுக்குக் கிளம்பினால்தான் ஏழு மணிக்கு வேலையிடத்தில் இருக்க முடியும். அதனால் இந்தக் கேள்விக்கு என்னைவிடத் தகுதியான ஆள் கிடையாது என்று தாழ்மையுடன் சொல்லிக்கொள்கிறேன்.

காலையில் ஜேபியையும் சிங்கப்பூரையும் இணைக்கும் கடற்பாலத்தில் ஏறும் வரை நான் ஒரு ஆள். அந்தப் பக்கம் இறங்கியதும் வேறு ஆள். ஹெல்மெட் பட்டை சரியாக இருக்கிறதா என்று தடவிப் பார்ப்பேன். சிக்னல் போடாமல் தடம் மாற மாட்டேன். மஞ்சள் விளக்கு விழுந்தால் நிற்பேன். சாயங்காலம் திரும்பி ஜேபி சோதனைச்சாவடியைத் தாண்டின அடுத்த விளக்கிலேயே எனக்குப் பொறுமை போய்விடும். அதே மோட்டார், அதே நான்தான். இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் காரில் வரும் சிங்கப்பூர்க்காரர்களும் இதே கதைதான், வரிசை மட்டும் தலைகீழ். அங்கே 90க்கு மேல் முள் ஏறினால் வியர்க்கிறவர்கள், இங்கே நெடுஞ்சாலையில் ஏறினதும் நாலைந்து காராகச் சேர்ந்து பறக்கிறார்கள். சிங்கப்பூர் காரின் எஸ் நம்பர் பிளேட்டைப் பார்த்தாலே நான் இடது ஓரம் போய்விடுவேன்.

சரி, இனி யாரும் சொல்லாத ஒன்று. விளக்குச் சந்திப்பு.

மலேசியாவில் நாலு வழிச் சந்திப்பில் பெரும்பாலும் ஒவ்வொரு பக்கமாகப் பச்சை விழும். எனக்குப் பச்சை என்றால் மற்ற மூன்று பக்கமும் சிவப்பு. நேராகப் போகலாம், வலது பக்கம் திரும்பலாம், எதிரே யாரும் வர மாட்டார்கள். அதனால்தான் எங்கள் ஊரில் சிவப்பில் நின்றால் ஒரு பாட்டு முழுதாகக் கேட்டுவிடலாம். சிங்கப்பூரில் எதிரெதிர் இரண்டு பக்கத்துக்கும் ஒரே நேரத்தில் பச்சை விழும். வலது பக்கம் திரும்புகிறவர் பாதிவரை முன்னே போய், நின்று, எதிரே வருகிறவர்களை விட்டு, இடைவெளி பார்த்துத் திரும்ப வேண்டும். இப்போது நிறைய இடத்தில் சிவப்பு அம்பு வைத்துவிட்டார்கள், அம்பு பச்சையானால்தான் திரும்பலாம். மிச்சம் இருக்கும் சந்திப்புகளில்தான் வம்பு.

வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வாரம். பச்சை விழுந்தது. வீட்டுப் பழக்கத்தில் வலது பக்கம் திருப்பினேன். எதிரே ஒரு இரட்டை மாடிப் பேருந்து. ஓட்டுநர் பிரேக் போட்ட சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. அவர் ஹார்ன்கூட அடிக்கவில்லை, இரண்டு கையையும் ஸ்டீயரிங்கில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது.

பொங்கோல்_பொடியன் | வெள்ளி, காலை 8.10

இது எனக்கு முற்றிலும் புதுசு. அப்படியென்றால் நான் ஈப்போவில் வலது பக்கம் திரும்பும்போது பாதியில் நின்றால்?

கடற்பாலத்து_மோட்டார் | வெள்ளி, காலை 8.25

பின்னாடி இருக்கிற பத்து காரும் ஹார்ன் அடிக்கும். போய்க்கொண்டே இருங்கள்.

ஜூரோங்_அக்கா | வெள்ளி, காலை 9.00

போய்க்கொண்டே இருங்கள் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லாதீர்கள். எதிரே இருப்பவருக்குச் சிவப்புதான் என்றாலும் சிவப்பை மதிக்காமல் வருகிற மோட்டார்கள் அங்கே உண்டு. ஒரு நொடி பார்த்துவிட்டுப் போங்கள். இதை ஒரு மோட்டார்க்காரரே ஒப்புக்கொள்வார் என்று நினைக்கிறேன்.

கடற்பாலத்து_மோட்டார் | வெள்ளி, காலை 9.04

அக்கா சொன்னால் சரிதான்.

பட்டுக்கோட்டை_லாரி | வெள்ளி, இரவு 9.30

நான் தஞ்சாவூர்ப் பக்கம். சிங்கப்பூரில் ஆறு வருடமாகக் கம்பெனி லாரி ஓட்டுகிறேன். மலேசியா பக்கம் வண்டியோடு போனது இல்லை, அதனால் கேட்டதற்கு நேர்ப் பதில் என்னிடம் இல்லை. ஆனால் இங்கே பேசுவதைப் படிக்கப் படிக்க ஒன்று தோன்றியது.

ஊரில் லாரிக்குப் பின்னால் "ஒலி எழுப்பவும்" என்று நாங்களே எழுதி வைத்திருப்போம். ஹார்ன் அங்கே கெட்ட வார்த்தை இல்லை. வருகிறேன், வளைவில் இருக்கிறேன், மாட்டை ஓட்டு, எல்லாவற்றுக்கும் அதுதான். முந்தலாமா கூடாதா என்பதை முன்னால் போகிற டிரைவர் ஜன்னல் வழியாகக் கையை ஆட்டிச் சொல்வார். இங்கே வந்து முதல் மாதம் நான் ஹார்ன் அடித்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த சீன அங்கிள், அவர்தான் எனக்கு ரூட் காட்டியவர், ஏதோ அவரையே திட்டினது போல முகம் சுருங்கிப் போனார். அன்றோடு விட்டேன். போன வருடம் லீவில் ஊருக்குப் போய் அண்ணன் வண்டியை எடுத்தேன். மன்னார்குடி போவதற்குள் மூன்று பேர் என்னைத் திட்டிவிட்டார்கள். ஹார்ன் அடிக்காமல் முந்துகிறாயே, அறிவில்லையா என்று.

60க்கு மேல் லாரியை ஓட்டக் கூடாது என்பதும் அப்படித்தான். முதலில் எரிச்சலாக இருந்தது. இப்போது ஊரில் 80ல் போனாலே பின்னால் இருக்கும் ஆட்கள் நினைவுக்கு வந்துவிடுகிறார்கள். இங்கே பல நாள் லாரிக்குப் பின்னால் சாமானோடு நம் ஆட்களையும் ஏற்றிக்கொண்டு போகிறோம் அல்லவா, அந்தப் பழக்கம்.

ஈப்போ_வெள்ளைக்காப்பி | வெள்ளி, இரவு 10.15

தம்பி, கையை ஆட்டுவது என்றதும் ஞாபகம் வந்தது. இங்கே நெடுஞ்சாலை வருவதற்கு முன்னால், ஒரு தடம் போக ஒரு தடம் வர இருந்த பழைய ரோட்டில், முன்னால் போகிற லாரி வலது சிக்னல் போட்டால் "எதிரே வண்டி வருகிறது, முந்தாதே". இடது சிக்னல் போட்டால் "தெளிவாக இருக்கிறது, போ". எந்தப் புத்தகத்திலும் இல்லாத இந்தப் பாடத்தை எங்கள் அப்பா காலத்து லோரி டிரைவர்கள் சொல்லிக்கொடுத்தார்கள். முந்தின பிறகு நாம் ஒரு சின்ன ஹார்ன், அவர் ஒரு சின்ன ஹார்ன். நன்றி, போய்வா. இப்போது உள்ள பிள்ளைகளுக்கு இது தெரியாது. லாரி நிஜமாகவே வலது பக்கம் திரும்பப் போகிறதா, எச்சரிக்கை செய்கிறதா என்பதும் தெரியாது. அதனால் பொங்கோல் தம்பி, நீங்கள் இதை நம்பி முந்த வேண்டாம். கதையாக மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஜூரோங்_அக்கா | சனி, காலை 7.45

மழையைப் பற்றி யாரும் சொல்லவில்லை. மழை வலுத்தால் மலேசியர்கள் நாலு விளக்கையும் ஒன்றாக மினுக்கிக்கொண்டு ஓட்டுவார்கள். முதன்முதலில் பார்த்தபோது முன்னால் வரிசையாக எல்லாக் காரும் பழுதாகிவிட்டதோ என்று நினைத்தேன். இதைச் செய்யாதீர்கள். அபாய விளக்கு எரியும்போது தடம் மாறுகிற சிக்னல் வெளியே தெரியாது. நிற்கிற வண்டியா, ஓடுகிற வண்டியா என்பதும் தெரியாது.

ஈப்போ_வெள்ளைக்காப்பி | சனி, காலை 8.20

அக்கா, உங்களுக்கு எங்கள் மழை தெரியாது. தாப்பாவைத் தாண்டி மலையோரம் கொட்டும்போது முன்னால் பத்து மீட்டர்கூடத் தெரியாது. அந்த மினுக்கல் ஒன்றுதான் முன்னால் ஒரு கார் இருக்கிறது என்று காட்டும்.

ஜூரோங்_அக்கா | சனி, காலை 8.31

அதற்குத்தான் முன்விளக்கைப் போட்டால் பின்விளக்கும் சேர்ந்து எரிகிறதே! பத்து மீட்டர் தெரியாத மழையில் ஓட்டுவதே தப்பு. ஓரத்தில் உள்ள ஆர் அண்ட் ஆரில் நிறுத்துங்கள்.

ஈப்போ_வெள்ளைக்காப்பி | சனி, காலை 8.40

ஆர் அண்ட் ஆர் வரை எப்படிப் போவது? மினுக்கிக்கொண்டுதான்.

சட்டம்_பேசறவன் | சனி, காலை 10.00

இதில் அக்கா பக்கம்தான் சரி. மலேசியாவிலும் சாலைப் பாதுகாப்பு பற்றிப் பேசுகிறவர்கள் மழையில் அதைப் போடாதே என்றுதான் சொல்கிறார்கள். ஆனால் ஊரே போடும்போது நீங்கள் மட்டும் போடாமல் இருந்தால் பின்னால் வருகிறவர் கண்ணுக்கு நீங்கள்தான் தெரியாமல் போவீர்கள் என்ற அண்ணனின் பயமும் எனக்குப் புரிகிறது. என் வழி: முன்விளக்கு, வேகம் குறை, இடது தடம்.

கடற்பாலத்து_மோட்டார் | சனி, மாலை 4.10

மழை என்றால் எங்களையும் நினைத்துக்கொள்ளுங்கள். பாலத்தின் அடியில் இடது ஓரம் முப்பது மோட்டார் நிற்கும், மழைக்கோட்டு மாட்டிக்கொண்டிருப்போம். அந்த இடத்தில் அவசரத் தடத்தில் ஏறாதீர்கள். மலேசியாவில் அவசரத் தடத்தில் கார் ஓட்டுவது குற்றம்தான், ஆனாலும் பெருநாள் நெரிசலில் பொறுமை இல்லாதவர்கள் ஏறிவிடுவார்கள். கூட்டரசு நெடுஞ்சாலையில், அதாவது கிள்ளானிலிருந்து கோலாலம்பூர் போகிற ரோட்டில், 1970களிலேயே மோட்டாருக்குத் தனிப் பாதை போட்டார்கள். சிங்கப்பூரில் அப்படித் தனிப் பாதை எனக்கு இல்லை. இந்த ஒரு விஷயத்தில் எங்கள் நாடு முன்னால் போய்விட்டது என்று சொல்லிக்கொள்வதில் ஒரு சந்தோஷம். பிளஸ் நெடுஞ்சாலையில், அதாவது நீங்கள் ஈப்போ போகப்போகிற ரோட்டில், மோட்டாருக்கு டோலும் கிடையாது.

பொங்கோல்_பொடியன் | ஞாயிறு, காலை 11.00

கேட்டதைவிடப் பத்து மடங்கு கிடைத்துவிட்டது. கடைசியாக ஒன்று. டோல், பலகை, இதில் ஏதாவது?

ஈப்போ_வெள்ளைக்காப்பி | ஞாயிறு, மதியம் 12.15

நுழையும் இடத்தில் தட்டின அதே கார்டைத்தான் வெளியேறும் இடத்திலும் தட்ட வேண்டும். மனைவி கார்டு ஒன்று, உங்கள் கார்டு ஒன்று என்று குழப்பிக்கொண்டு, தடுப்பு திறக்காமல், பின்னால் லோரி நிற்க, ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளாதீர்கள். குடும்பப் பிரச்சினை ஆகும்.

பலகையில் உத்தாரா என்றால் வடக்கு, செலாத்தான் தெற்கு. வரும்போது உத்தாரா, போகும்போது செலாத்தான். கெலுவார் வெளியேறும் வழி. லென்ச்சோங்கான் என்று எழுதியிருந்தால் அது ஊர்ப் பெயர் இல்லை, மாற்றுவழி. தமிழ்நாட்டிலிருந்து வந்த எங்கள் உறவினர் ஒருவர், "லென்ச்சோங்கான் பெரிய ஊராக இருக்கும் போல, எங்கே பார்த்தாலும் அதற்கு வழி போட்டிருக்கிறார்களே" என்று கேட்டார்.

பொங்கோல்_பொடியன் | ஐந்து வாரம் கழித்து, திங்கள், இரவு 11.20

போய்வந்தாகிவிட்டது. சொன்னவர்கள் எல்லோருக்கும் கணக்கு ஒப்படைக்க வேண்டும் அல்லவா.

முள் முழுதாக நின்றது, அக்காவுக்கு நன்றி. அதிகாரி எட்டிக்கூடப் பார்க்கவில்லை, எனக்குத்தான் ஏமாற்றம். போகும்போது 105ல் இடது, நடு என்று மாறி மாறிப் போனேன். பாகோவில் நிறுத்திச் சாப்பிட்டோம். அதுவரை என்னைத் தாண்டிப் போன சிங்கப்பூர் பிளேட்டுகளைப் பையன் எண்ணினான், பதினேழு. மோட்டார் அண்ணன் சொன்னது பொய்யில்லை.

தாப்பாவுக்குப் பக்கத்தில் மழை பிடித்துக்கொண்டது. நான் விளக்கை மினுக்கவில்லை. ஆனால் முன்னால் மினுக்கிக்கொண்டு போன ஒரு வெள்ளை மைவி காரின் பின்னாலேயே, இருபது நிமிடம், தாயின் பின்னால் போகும் கன்று மாதிரி போனேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். அக்கா மன்னிக்கவும்.

ஈப்போவில் முதல் வலது திருப்பம். பச்சை விழுந்தது. இத்தனை பேர் சொல்லியும் கால் தானாகப் பாதியில் பிரேக்கை மிதித்தது. எதிரே பார்த்தேன், எல்லோரும் சிவப்பில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பின்னால் ஹார்ன். அம்மா, "யாருக்காகப்பா நிற்கிறாய்?" என்று கேட்டார். மூன்றாவது சந்திப்பில் பழகிவிட்டது. நாலு நாளில் ஈப்போக்காரன் மாதிரி பச்சை விழுந்ததும் ஒரே இழுப்பில் திரும்ப ஆரம்பித்துவிட்டேன். பலகை இல்லாத இடத்தில் ஒரு யூ-டர்ன்கூடப் போட்டேன். அதில் ஒரு தனிச் சுகம் இருக்கிறது, சொல்லக் கூடாது.

சிக்கல் திரும்பி வந்த பிறகு. நேற்று இரவு, வீட்டுக்குப் போகும் கடைசிச் சந்திப்பு. அம்பு வைக்காத பழைய சந்திப்பு. நாலு வருடமாகத் தினமும் திரும்புகிற இடம். பச்சை. நான் யோசிக்கவே இல்லை, திருப்பிவிட்டேன். எதிரே ஒரு டாக்சி. இரண்டு காருக்கும் நடுவே ஒரு கதவு அகலம்தான் இருந்தது. டாக்சி அங்கிள் ஜன்னலை இறக்கினார், ஏதோ சொல்ல வாயெடுத்தார், பின்சீட்டில் பையன் தூங்குவதைப் பார்த்துவிட்டு ஜன்னலை ஏற்றிக்கொண்டு போய்விட்டார். வீடு வந்து சேரும் வரை காரில் யாரும் பேசவில்லை.

கடற்பாலத்து_மோட்டார் | செவ்வாய், காலை 4.35

எனக்கு ஒன்பது வருடமாகத் தினமும் இரண்டு தடவை அது நடக்கிறது தம்பி. கடற்பாலத்தின் நடுவில் அந்தக் கோட்டைத் தாண்டும்போது வாய்விட்டுச் சொல்லிக்கொள்வேன்: "எதிரேயும் பச்சை." சாயங்காலம் திரும்பும்போது எதுவும் சொல்வதில்லை. கிளம்புகிறேன், நேரமாகிவிட்டது.

ஜூரோங்_அக்கா | செவ்வாய், காலை 7.10

பையன் நன்றாக இருக்கிறான் அல்லவா? அது போதும். மைவி பின்னால் போனதை மன்னித்துவிட்டேன். அந்த யூ-டர்னை மன்னிக்கவில்லை.